கடைசி எபிசோடிலாவது அவன் வாய் திறக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை, வசனம் எழுதுவது என் வேலை. இந்த வேலையில் என் தூக்கத்தை அதிகம் கெடுத்த கேள்வி ஒன்று உண்டு. தப்பு செய்த நாயகனின் கதையை எப்படி முடிப்பது?

வில்லனைச் சொல்லவில்லை. வில்லனுக்கு முடிவு கட்டுவது சுலபம். நாம் ஆசையோடு பின்தொடர்ந்த ஆளைச் சொல்கிறேன். அவன் பொய் சொல்வான், ஏமாற்றுவான், கூட இருப்பவர்களின் வாழ்க்கையைக் கெடுப்பான். ஆனாலும் அவன் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்றால் நமக்கு நெஞ்சு படபடக்கும். 'எப்படியாவது தப்பிச்சிடு' என்று மனசு சொல்லும். திரைப்பட நாயகனோடு நமக்கு இரண்டரை மணி நேரப் பழக்கம். தொடரில் வருகிறவனோ வருடக்கணக்காக நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துபோனவன். அவனை வழியனுப்புவது லேசான காரியமில்லை.

கதை விவாதத்தில் உட்கார்ந்ததும் இரண்டு யோசனைகள் வரும். கொன்றுவிடலாம், அல்லது திருத்திவிடலாம்.

சாவு பல நேரம் அவனுக்குக் காட்டும் சலுகையாகவே போய்விடுகிறது. செத்தவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உடலைப் பார்த்ததும் நம் கோபம் கரைந்துவிடும். அவனால் நொந்தவர்களே தலைமாட்டில் உட்கார்ந்து அழுவார்கள். திருத்துவது இதைவிட மோசம். வருடக்கணக்கில் கெடுதல் செய்தவன் கடைசி வாரத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் எல்லார் கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்பான். எல்லாரும் உடனே மன்னிப்பார்கள். அப்படிப்பட்ட காட்சிகளை நானும் எழுதியிருக்கிறேன். எழுதிய அன்றே மனசு உறுத்தியது.

என் கட்சி இதுதான். கதை முழுக்க எந்த உண்மையைத் தன்னிடமிருந்தே ஒளித்துவைத்தானோ, அதை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். யாரிடம் பொய் சொன்னானோ, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் அவன் செத்தாலும் சரி, ஜெயிலுக்குப் போனாலும் சரி.

2013 செப்டம்பரில் முடிந்த 'பிரேக்கிங் பேட்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் ஒயிட் ஒரு வேதியியல் ஆசிரியர். புற்றுநோய் என்று தெரிந்ததும் போதைப்பொருள் காய்ச்ச ஆரம்பிக்கிறார். கேட்டால், எல்லாம் குடும்பத்துக்காக என்பார். கடைசி எபிசோடில் மனைவி ஸ்கைலரின் சமையலறைக்கு வருகிறார். முதலில் நம் கண்ணுக்கு அவர் தெரிவதில்லை. கேமரா மெல்ல நகர்ந்த பிறகுதான் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பது தெரிகிறது. அவர் பேச்செடுத்ததுமே, குடும்பத்துக்காகச் செய்தேன் என்று இன்னொரு தடவை சொல்லப் போகிறீர்களா என்று ஸ்கைலர் மடக்குகிறாள். அவர் இல்லையென்கிறார். எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது, அதில் நான் கெட்டிக்காரனாக இருந்தேன் என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. மன்னித்தேன் என்று அவள் சொல்வதில்லை. தூங்கும் குழந்தையைப் பார்க்க மட்டும் விடுகிறாள். அதற்குப் பிறகு துப்பாக்கிச் சத்தமும் சாவும் உண்டு. என்னைக் கேட்டால் கதை அந்தச் சமையலறையிலேயே முடிந்துவிட்டது.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. நம் கோவலனை நினைத்துப் பாருங்கள். மதுரையில் சிலம்பை விற்கக் கிளம்பும் முன்னால் கண்ணகியிடம் தன் தவறுகளை அவனே வரிசையாகச் சொல்லிக் கலங்குகிறான். எழு என்றதும் எழுந்துவந்தாயே, என்ன செய்துவிட்டாய் என்கிறான். 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்', அதாவது தகாத வழியில் நடந்தீர்கள் என்று அவளும் முகத்துக்கு நேரே சொல்கிறாள். தேற்றுவதற்காகப் பொய் சொல்லவில்லை. அதன் பிறகே அவன் கடைத்தெருவுக்குப் போகிறான். செய்யாத திருட்டுக்காக வெட்டுப்படுகிறான். அந்தப் பேச்சு மட்டும் இல்லாமல் அவன் செத்திருந்தால், ஊர்சுற்றிய கணவன் ஒருவனின் கெட்ட நேரம் என்று கடந்துபோயிருப்போம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உண்மையைச் சொல்வதெல்லாம் உணர்ந்து சொல்வதாகிவிடுமா? 'தி ஷீல்ட்' தொடரில் விக் மேக்கி என்ற போலீஸ்காரர் முதல் எபிசோடிலேயே சக போலீஸ்காரரைச் சுட்டுக் கொல்கிறார். 2008-இல் தொடர் முடியும் தறுவாயில் எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் எதற்காக? வழக்கு கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகு, தன்னால் வாழ்க்கை கெட்டுப்போனவர்கள் யாரும் இல்லாத ஓர் அறையில் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறார்.

அதற்கு எழுதியவர்கள் கொடுத்த முடிவை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அவருக்குச் சாவு இல்லை, ஜெயில் இல்லை. கோட்டு, டை, ஒரு மேஜை, தட்டச்சு செய்ய அறிக்கைகள். எழுதி வாங்கிய ஒப்பந்தப்படி மூன்று வருடம் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் அவர் தேடினாலும் கிடைக்காத இடத்துக்குப் போய்விட்டார்கள். கடைசிக் காட்சியில் ராத்திரி. அலுவலகத்தில் விளக்குகள் அணைகின்றன. மேஜையில் புகைப்படங்கள். வெளியே போலீஸ் சைரன் கேட்கிறது. எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறார். தெருவில் ஓடித் திரிந்த உடம்பு அது. அந்த உடம்புக்கு அந்த நாற்காலியைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. அவனவன் குணத்திலிருந்துதான் அவனவன் முடிவும் வர வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் காட்சியில்தான்.

'பெட்டர் கால் சால்' இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. 2022-இல் முடிந்தது. வாய்ச் சாமர்த்தியத்தாலேயே வாழ்ந்த வக்கீல், தன் தண்டனையை ஏழு வருடமாகப் பேரம் பேசிக் குறைத்துவிடுகிறான். பிறகு நீதிமன்றத்தில், தான் மணந்து பிரிந்த கிம் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவனே அந்தப் பேரத்தை உடைத்து உண்மையைச் சொல்கிறான். கிடைப்பது 86 வருடம். சிறையில் அவளும் அவனும் ஒரு சிகரெட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த நெருப்புக்கு மட்டும் நிறம். முன்னவர் விலை வாங்கிக்கொண்டு சொன்ன உண்மையை இவன் விலை கொடுத்துச் சொன்னான்.

வாயே திறக்காதவனும் உண்டு. 'சொப்ரானோஸ்' தொடரின் மாஃபியா தலைவன் டோனி வருடக்கணக்கில் மனநல மருத்துவரிடம் போய்வந்தான், ஒன்றும் மாறவில்லை. கடைசிக்கு முந்தைய எபிசோடில் அந்த மருத்துவரே கதவைச் சாத்திவிடுகிறார். 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பான முடிவில் படம் சட்டென்று நின்று திரை கறுப்பானது. கேபிள் போய்விட்டதோ என்று பலர் பதறினார்களாம். தன்னைப் பார்க்க மறுத்தவனுக்கு அது பொருத்தமான முடிவு என்றே எனக்குப் படுகிறது. தொடர் கொலைகாரன் 'டெக்ஸ்டர்' கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2013-இல் அவனை மரம் வெட்டியாக்கி எங்கோ ஒளித்துவைத்தார்கள். 2022-இல் பெற்ற மகன் கையாலேயே சுடப்பட்டான். 2025-இல் பிழைத்து எழுந்து வந்துவிட்டான். முடிக்க மனசில்லாத கதையில் எந்த முடிவும் ஒட்டுவதில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் எழுதிய ஒரு தொடரில், தங்கையின் கையெழுத்தைத் தானே போட்டு அவள் பங்கை எடுத்துக்கொண்ட அண்ணன்தான் நாயகன். தயாரிப்புத் தரப்பு கடைசியில் ஒரு விபத்தைக் கேட்டது. நான் அவனைத் தங்கை வீட்டு வாசலுக்கு அனுப்பினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். "அந்தக் கையெழுத்து நான் போட்டது" என்கிறான். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ணா. அன்னிக்கே தெரியும்" என்கிறாள். அழுகை வேண்டாமா, பின்னணி இசை வேண்டாமா என்று படப்பிடிப்பில் கேட்டார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் போதும் என்றார் இயக்குநர். அந்த நடிகருக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

நன்றி, வணக்கம்.