எல்லாம் ஒன்லைன் ஆகிவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் என்ன செய்வது?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கமிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "கல்விச் சீர்திருத்தம் வருகிறது, இனி எல்லாம் ஒன்லைன்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அதையும் அவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். லயத்துப் பிள்ளைகள் என்ன செய்வது?"

அக்கா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பாடசாலையை விட்டுவிட்டு போனில் படிக்கச் சொல்வதல்ல இந்தச் சீர்திருத்தம். 2026இல் தரம் 1இல் ஆரம்பித்தார்கள், தரம் 6 மட்டும் 2027க்குத் தள்ளிப்போனது. மொடியூல் மொடியூல் என்கிறார்களே, அது பாடத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துப் படிப்பிப்பது, அவ்வளவுதான்.

நீங்கள் கொவிட் காலத்தை நினைத்துத்தான் கேட்கிறீர்கள், அது விளங்குகிறது. 2020 மார்ச்சில் பாடசாலையை மூடினார்கள், அப்புறம் பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்து விழுந்தது, போட்ட ரீலோட் இரண்டு வீடியோவிலேயே முடிந்தது, சிக்னலுக்காகப் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறினார்கள். பொஹிட்டியாவ என்கிற கிராமத்தில் டீச்சரும் பிள்ளைகளுமாகக் காட்டுப் பாதையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து போய்ப் படித்த செய்தி 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போனது. எல்லோரும் ஆகா என்று பாராட்டினார்கள். எனக்கென்னவோ வெட்கமாகத்தான் இருந்தது.

அதற்காக ஒன்லைனே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் பெரிய குறையே உயர்தர வகுப்பில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படிப்பிக்க ஆள் போதாததுதான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளைகூட, டவுனில் தங்கிப் படிக்க வசதி இல்லாவிட்டால் கலைப் பிரிவுக்குத்தான் போகிறது. அங்கேதான் ஒன்லைன் உதவும். ஹட்டனில் ஒரு பௌதிகவியல் சேர் பாடம் எடுக்கட்டும், பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் பிள்ளைகள் தங்கள் வகுப்பிலேயே இருந்து பெரிய திரையில் பார்க்கட்டும், விளங்காத கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்காட்ட பக்கத்தில் ஒரு டீச்சர் நிற்கட்டும். அந்த டீச்சர் இல்லாவிட்டால் அது வெறும் டிவி. இதற்குப் பிள்ளை கையில் போனே தேவையில்லை, பாடசாலைக்கு ஒழுங்கான இணைப்பும் கரண்டும் இருந்தால் போதும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வரைக்குமான சின்னப் பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்பது என் கருத்து. கோபிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்ப் பாடப்புத்தகங்கள் இலவசமாக இருக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவை என்கிற தளத்தில் பாடங்களும் இருக்கின்றன. டவுனுக்குப் போகும்போது புத்தகத்தை ஒரு தடவை டவுன்லோட் பண்ணி வைத்தால், இரவில் போன் வீட்டுக்கு வந்ததும் டேட்டா இல்லாமலே பார்க்கலாம்.

அடுத்த முறை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனால், கம்பியூட்டர் அறையில் எத்தனை மெஷின் வேலை செய்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, எங்கள் பிள்ளைக்குக் கிழமையில் எத்தனை பாடவேளை என்று அதிபரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கவேண்டாம், நாலு அம்மாமாரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.