தோமையார் அண்ணாந்து பார்த்த கோபுரம்

நேயர்களுக்கு வணக்கம்.

2019 ஏப்ரல் 15 அன்று மாலை, பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயத்தின் ஊசிக்கோபுரம் தீயில் முறிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு நம்மில் பலர் பதைத்திருப்போம். 96 மீட்டர் உயரமான அந்தக் கோபுரம் இன்று பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்து நிற்கிறது. 2024 டிசம்பரில் பேராலயமும் திறக்கப்பட்டுவிட்டது. கடல் கடந்த ஊரின் கோபுரத்துக்குச் சென்னையில் என்ன கொண்டாட்டம் என்று கேட்டால், புனித தோமையாரின் நினைவைத் தாங்கிய சாந்தோமும் பரங்கிமலையும் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அதில் ஓர் உறவு உண்டு.

எரிந்த கோபுரம் 1859-இல் வியோலே லெ துய்க் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. அதன் அடிவாரத்தைச் சுற்றிப் பன்னிரு திருத்தூதர்களின் செப்புச் சிலைகளை நிறுத்திய அவர், மற்றவர்களை நகரைப் பார்த்து நிற்கவைத்து, புனித தோமையாரை மட்டும் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கச் செய்தார். அந்தத் தோமையாருக்குத் தம் முகத்தையே கொடுத்தார். தோமையார் கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலர் என்ற உரிமையில் செய்த காரியம். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனாலும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செப்பனிடுவதற்காகத் தீ விபத்துக்கு நான்கு நாள் முன்புதான் அச்சிலைகளைக் கிரேன் வைத்து இறக்கியிருந்தார்கள். அதனால் அவை தப்பின.

புதுமையான கோபுரம் கட்டலாம் என்ற பேச்சு எழுந்து அடங்கி, பழையபடியே கருவாலி (ஓக்) மரத்தாலும் ஈயத் தகட்டாலும் கட்டுவதென்று 2020-இல் முடிவாயிற்று. கூரைச் சட்டங்களுக்கான மரங்களைக் கோடரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் இன்னமும் இருந்ததால்தான் அம்முடிவு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. உச்சியில் பொருத்திய பொன்னிறச் சேவலுக்குள், பணியில் ஈடுபட்ட ஏறத்தாழ 2000 பேரின் பெயர்ப்பட்டியலை வைத்து மூடியிருக்கிறார்கள்.

நம் ஊரில் அந்தத் தச்சருக்கு இணையானவர் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார். கர்க் என்று வழங்கும் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளகிய மண்ணில் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அடித்தளம் அமைத்து, 1821-இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் அது. அக்காலச் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைச் சேர்ப்பார்கள்; மேல்பூச்சில் முட்டை வெண்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்க, சுவர் பளிங்குபோல் மின்னும்.

இப்படிப்பட்ட சுவரில் விரிசல் கண்டவுடன் சிமெண்ட் பூசிவிடுவது நம்மிடையே பரவிவிட்ட பழக்கம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், உள்ளே தங்கிய நீரும் உப்பும் செங்கல்லைப் பொடியாக்க, சில ஆண்டுகளில் பூச்சு செங்கல்லோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

கோபுரத் திருப்பணியைத் திட்டமிடும் ஆலயக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸுக்குள் முடித்தாக வேண்டும் என்று கணக்கிட்டு ஆவணியில் சாரம் கட்டினால், பூச்சு வேலை சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து மாட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு இறுக நாளாகும்; அதுவரை அடைமழையும் ஆகாது, கடும் வெயிலும் ஆகாது. தை பிறந்ததும் வேலையைத் தொடங்கி, பூசிய இடத்தை ஈரச் சாக்கால் மூடிக் காத்து, கத்திரி வெயிலுக்கு முன் சாரத்தைப் பிரித்துவிடுங்கள்.

வணக்கம்.