பூட்டிய அலமாரியும் கூதிர்ப் பருவமும்

(அரசு கலைக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு விழாவை முடித்து, மதிய உணவையும் தள்ளிப்போட்டு வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, என் பேச்சில் லகர ளகரம் பிசகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசான், தமிழ்த்துறை முன்னாள் தலைவர் ஐயா அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (இவரைச் சொல்லாமல் விட்டால் பந்தல்காரருக்குப் பணம் போகாது), பேராசிரியப் பெருமக்களே, ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகையின்றித் தந்த பழைய மாணவர் அவர்களே, சுருதி விலகாமல் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிய வேதியியல் துறை மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் என் வயதை நினைத்து மன்னிக்க வேண்டும்.

எனக்குத் தந்த தலைப்பு ‘கல்லூரியின் சாதனைகளும் கூதிர்ப் பருவத் திட்டங்களும்’. கூதிர் என்ற சொல் யார் வேலை என்று எனக்குத் தெரியும், ஐயா. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கல்லூரிக் கணக்கில் அது பருவத் தேர்வுக் காலம். நம் ஊர்க் கணக்கில் அடைமழைக் காலம். மூன்று செய்திகள் பேசப்போகிறேன். ஒன்று, அரசு கலைக் கல்லூரிகள் சாதித்தது என்ன. இரண்டு, கௌரவ விரிவுரையாளர்களின் நிலை. மூன்று, நூலகம். மூன்றாவதை நான் பேசாத மேடை கிடையாது என்று செயலாளர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நம் கல்லூரியின் சாதனைகளை முதல்வர் தம் அறிக்கையில் வாசித்துவிட்டார். நான் குடும்பப் பெருமையைச் சொல்கிறேன். அரசு கலைக் கல்லூரிகள் எல்லாம் ஒரு குடும்பம். மூத்தவர் சென்னை மாநிலக் கல்லூரி, 1840இல் பிறந்தவர். சர். சி.வி. இராமன் படித்தது அங்கே. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் படித்தது அங்கே. ஒருவருக்கு 1930இல் நோபல், மற்றவருக்கு 1983இல். தேசியத் தரவரிசையில் 2022, 2023 இரண்டு ஆண்டும் கல்லூரிகளில் மூன்றாம் இடம் அதற்கு. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்று தனி வகுப்புகள் நடத்துகிறார்கள். எனக்கு நோபலைவிட அது பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தவர் கும்பகோணம் கல்லூரி. உ.வே. சாமிநாதையர் 1880இல் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1903இல் மாநிலக் கல்லூரிக்கு மாறுவதற்குள் சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு எல்லாம் அச்சேறிவிட்டன. வகுப்பும் எடுத்துக்கொண்டு, ஏடும் தேடிக்கொண்டு! அதே கல்லூரியில் 1904இல் சேர்ந்த இராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது, நண்பர் ஒருவர் மூலம் அவர் கைக்கு வந்த கணிதப் புத்தகம்தான் அவரைப் பிடித்து உலுக்கியது. கார் என்பவர் தொகுத்தது, ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள். அது கடையில் வாங்கியதல்ல, நூலகப் பிரதி. அந்த அலமாரியை அன்று யாரோ ஒரு புண்ணியவான் திறந்துவைத்திருந்தார்.

பார்த்தீர்களா, நூலகத்துக்கு வந்துவிட்டேன். ‘கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்’ என்று என் அப்பாயி சொல்வார். நம் கல்லூரி நூலகத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

ஒரு கதை சொல்கிறேன். மாணவர்கள் கொஞ்சம் கைப்பேசியை இறக்குங்கள், இது உங்கள் கதை. சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழகம் முதல் நூலகர் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறது. வந்த விண்ணப்பம் 900. நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை. ரங்கநாதனுக்கும் ஒன்றும் தெரியாது. நேர்முகத்துக்குச் சில நாள் முன்னால் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். (நம் மாணவர்கள் தேர்வுக்குப் போவது போலத்தான்.) வேலை கிடைத்துவிட்டது.

1924 சனவரியில் பொறுப்பேற்றார். போனால், ஆள் அரவமே இல்லை. வகுப்பில் ஐம்பது அறுபது முகங்களைப் பார்த்துப் பேசிப் பழகிய மனிதர். இங்கே பேச்சுத் துணைக்கு அலமாரிதான். ஒரு வாரம் தாங்கவில்லை. பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடிப்போய், ‘என் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அங்கே உட்கார முடியவில்லை’ என்று மன்றாடினார். முதல்வர் கெட்டிக்காரர். ‘முதலில் இலண்டன் போய் நூலகக் கலையைப் படித்து வாரும். திரும்பி வந்தும் சலிப்பு இருந்தால் உமது நாற்காலி இங்கே இருக்கும்’ என்றார்.

போனார். இலண்டனை ஒட்டிய கிராய்டன் ஊர் நூலகத்தில் பார்க்கிறார்: சாதாரண மக்கள், பெண்கள், சின்னக் குழந்தைகள், எல்லோரும் அலமாரிக்கு நேராகப் போய்ப் புத்தகத்தை உருவி எடுக்கிறார்கள். ‘ஏன் தொட்டாய்’ என்று கேட்க ஆளில்லை. மனிதருக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. இலண்டனிலேயே ஒரு பெரிய கடையில், துளை போட்ட உலோகத் துண்டுகளை மரையாணியால் பூட்டி விளையாடும் மெக்கானோ பொம்மையைக் கண்டார். அதே துண்டுகள், ஒருமுறை பாலம், மறுமுறை பாரந்தூக்கி. அறிவுத்துறைகளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று கப்பலில் திரும்பும்போதே வேலையைத் தொடங்கிவிட்டார். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அவர் உருவாக்கி, 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு அந்தப் பொம்மைதான் வித்து. பழைய நாற்காலியைக் கேட்க அவர் வரவேயில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நூலகமே கதி. 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி: நூல்கள் பயன்பாட்டுக்கே. எவ்வளவு சின்ன வாக்கியம்! அவர் பிறந்தநாளை நாடே நூலகர் நாளாகக் கொண்டாடுகிறது. அவர் ஊர் நமக்குப் பஸ் தூரம். கையில் வெண்ணெய், ஐயா, கையில் வெண்ணெய்!

இப்போது என் கதை. நான் மாணவனாக இருந்தபோது கல்லூரி நூலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று உண்டு. பித்தளைப் பூட்டு. கண்ணாடிக்குள் நீலத் துணி அட்டை போட்ட கல்வெட்டுத் தொகுதி. முதுகில் பொன்னெழுத்து பாதி உதிர்ந்திருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க ஒரு பருவம் முழுக்கக் கேட்டேன். பொறுப்பில் இருந்தவர் கெட்டவரல்லர். ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார்: “தம்பி, தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். எனக்கு மூன்று பெண்பிள்ளைகள்.” பூட்டுக்குக் காரணம் அலட்சியம் அல்ல, பயம். கடைசியில் கரையான் சாப்பிட்டது. கரையானிடம் யாரும் ரசீது கேட்கவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து நூல் தொலைவது இயல்பான இழப்பு என்று ஏற்கின்றன. நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஐந்தை நம் நூலகருக்கும் ஓர் ஆணையாக எழுதிக் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் குறித்துக்கொள்கிறார், மகிழ்ச்சி.

அடுத்தது நேரம். முதல் ஷிப்டு முடிந்தவன் பஸ்ஸுக்கு ஓடுகிறான். இரண்டாம் ஷிப்டு மாணவி வெளியே வரும்போது நூலகம் பூட்டியிருக்கிறது. கூதிர் மழையில் ஓட்டு வீட்டில் வாளி வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டு அவள் எங்கே படிப்பாள்? தேர்வு முடியும் வரையாவது இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்கட்டும். ஆள் இல்லை என்பீர்கள். பணி ஓய்வு பெற்ற நாங்கள் பதினோரு பேர் முறைவைத்து உட்காரத் தயார். எங்கள் வீட்டிலும் நாங்கள் எட்டு மணிக்குமேல் வந்தால் போதும் என்றுதான் சொல்கிறார்கள்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நல்ல காரியம். அதில் வழிகாட்டி நூல் வாங்குகிறார்கள். மூலநூல் மூன்று பிரதி உள்ளே உறங்குகிறது. அப்பாயி இருந்திருந்தால் வெண்ணெய்ப் பானையை எடுத்துத் தலையிலேயே போட்டிருப்பார்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டு நிமிடமாம். கௌரவ விரிவுரையாளர்கள் பற்றிப் பேச நினைத்தது அப்படியே நிற்கிறது. அதோ பின்வரிசையில் அவர்கள் என்னையே பார்க்கிறார்கள், அடுத்த கூட்டத்தில் அதையே முதலில் எடுக்கிறேன். முதல்வர் அவர்களிடம் ஒன்றே ஒன்று. அந்தப் பித்தளைப் பூட்டு இன்றும் அதே அலமாரியில் தொங்குகிறது, காலையில் வந்ததும் போய்ப் பார்த்தேன். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டுக்காரர் ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். கூலி நான் கொடுத்துவிட்டேன். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.