மீகாங் கரையில் பார்த்த படிகள்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே! முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே! உடம்புக்கு முடியாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே! வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த அரிசி ஆலை அண்ணன் அவர்களே! நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, சாயங்காலம் முதல் நின்றுகொண்டே இருக்கும் வாசகர் வட்டத் தம்பிகளே! பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே! அனைவருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, கங்கை, ஐராவதி, மீகாங் என்று பிரம்பு நுனியால் தொட்டுக்கொண்டே கிழக்கே போவார். அந்தப் பிரம்பு தொட்ட ஆற்றில் ஐம்பது வருடம் கழித்து நானும் என் துணைவியாரும் படகில் போனோம். ஐயா, அந்த இரண்டு நாளும் உங்கள் குரல் என் காதில் இருந்தது.

படகு, மீன், அணை என்று மூன்று செய்தி பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எங்கள் அம்மா அடிக்கடி சொல்லும் ஒரு பழமொழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்.’ கல்யாணத்துக்குப் பெண் பார்க்க எந்த ஊருக்குப் போனாலும் அம்மா முதலில் கேட்பது அங்கே ஆறு இருக்கிறதா என்றுதான்.

மீகாங் திபெத்துப் பீடபூமியில் பிறக்கிறது. சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஆறு நாடுகளைத் தொட்டு, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் சேர்கிறது. லாவோஸ் மொழியில் ஆற்றுக்கு ‘மே நாம்’ என்று பெயர். மே என்றால் அம்மா, நாம் என்றால் தண்ணீர். நம் ஊரில் காவிரித்தாய் என்கிறோம். அவர்களுக்கு எந்த ஆறானாலும் பெயரிலேயே தாய் இருக்கிறாள்.

தாய்லாந்தின் சியாங் கோங் எல்லையில் 2013-இல் திறந்த பாலத்தைத் தாண்டினால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கிருந்து லுவாங் பிரபாங் ஊருக்கு நீர்வழி சுமார் 300 கிலோமீட்டர். நீளமான மரப்படகு, பக்கவாட்டில் திறப்பு, மேலே கூரை, பழைய வேனிலிருந்து கழற்றிப் போட்ட இருக்கைகள். பின்பக்கம் இன்ஜின், அதற்கும் பின்னால் படகுக்காரர் குடும்பம். அடுப்பு, கொடியில் துணி, தூளியில் குழந்தை எல்லாம் அங்கேதான். இரவில் படகு ஓடாது, பாறை அப்படி. பாக் பெங் என்ற மலையோரச் சிற்றூரில் இரவு தங்கி மறுநாள் காலை மறுபடி ஏறவேண்டும். ஆறு ஏழு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும் விசைப்படகும் உண்டு. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போகிறார்கள். ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் அதில் ஏறவேண்டாம்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அது நடந்தது இரண்டாம் நாள் மதியம். தை மாதம் என்பதால் தண்ணீர் இறங்கி, இரண்டு பக்கமும் வெள்ளை மணல் தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வீடு இல்லை, கம்பம் இல்லை, காடுதான். திடீரென்று படகு கரையை நோக்கித் திரும்பியது. ஏதோ பழுது என்று நினைத்தோம். படகுக்காரரின் மகன், பதினைந்து வயது இருக்கும், முனையில் நின்று மூங்கில் கழியை ஊன்றினான். மணலுக்கு ஒரு பலகையைப் போட்டான். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தாள். எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு மூட்டை அரிசி, கூடையில் இரண்டு கோழிக்குஞ்சு, சுருட்டிய தகரம் ஒன்று, பொம்மைச் சைக்கிள் ஒன்று. பையன் மூட்டையைத் தோளில் தூக்கினான். எதிர் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை தகரத்தைத் தூக்கினான். என் துணைவியார் கோழிக்கூடையை வாங்கிக்கொண்டார். நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டேன்.

இறங்கிப் பார்த்தால் அந்த மணல்மேட்டில் படி! மண்வெட்டியால் வெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூங்கில் துண்டைக் குறுக்கே வைத்து முளை அடித்திருந்தார்கள். ஐம்பது, அறுபது படி இருக்கும். மேலே மரங்களுக்கு நடுவிலிருந்து பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு சின்னப் பெண் சைக்கிளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அது அவளுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் படகுக்குத் திரும்பினோம். பாட்டி ஏறத் தொடங்கினாள். நாலு படி ஏறுவாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள். படகுக்காரர் இன்ஜினை முடுக்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். யாரோ வழிகாட்டித் தம்பியிடம் ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார்கள். அவன் போய்க் கேட்டு வந்து சொன்னான்: “பாட்டி மேலே போய்த் திரும்பிப் பார்ப்பாள். பார்த்த பிறகு போகலாம்.” பாட்டி உச்சிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். படகுக்காரர் ஒரு முறை ஊதலை அழுத்தினார். அதன் பிறகுதான் படகு நகர்ந்தது.

அந்தப் படியைப் பற்றி வழிகாட்டித் தம்பியிடம் விசாரித்தேன். மழைக்காலத்தில் ஆறு ஏறி வந்து படியைக் கரைத்துக்கொண்டு போய்விடுமாம். தண்ணீர் இறங்கியதும் ஊரார் கூடி மறுபடி வெட்டுவார்களாம். எந்த அதிகாரிக்கும் மனு இல்லை, ஒப்பந்தப்புள்ளி இல்லை. ‘ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்’ என்று அம்மா சொன்னது சரி. ஆறு இருந்தும் ஆற்றில் இறங்கப் படி இல்லாத ஊரை என்னவென்று சொல்வது? அந்த இடத்தில் எனக்கு நம்முடைய கீழைப் படித்துறை ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வழியெல்லாம் நான் படிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாக் ஊ என்ற இடத்தில் ஊ ஆறு மீகாங்கில் கலக்கிறது. ‘பாக்’ என்றால் வாய், ஆற்றின் முகத்துவாரம். பாக் பெங் என்பதும் பெங் ஆற்றின் வாய்தான். அவர்கள் ஊர்ப் பெயர் வாயில் தொடங்குகிறது, நம் ஊர்ப் பெயர்கள் துறையில் முடிகின்றன. மயிலாடுதுறை, திருவாவடுதுறை, திருப்பராய்த்துறை. துறை என்றால் இறங்கும் இடம். பாக் ஊவில் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து வைத்த புத்தர் சிலைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு. முன்பு அரசரே அன்று படகில் வந்து வணங்குவாராம். குகைக்கு வழி ஆற்றிலிருந்து எழும் படிகள்தான்.

லுவாங் பிரபாங்கில் 1560 வாக்கில் சேட்டாத்திராத் அரசர் கட்டிய சியெங் தோங் கோயில் இருக்கிறது. அதிலிருந்து அகலமான படிகள் நேரே மீகாங்குக்கு இறங்குகின்றன. 1995-இல் யுனெஸ்கோ அந்த ஊரையே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தப் படியில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். ஒரு அம்மா ஆற்றுப் பாசியில் செய்த காய்பேன் விற்றார். பாசியை அலசி, எள், பூண்டு, தக்காளி சேர்த்துத் தாள் மாதிரி தட்டி வெயிலில் காயவைப்பது. பொரித்தால் நம் அப்பளம் போல நொறுங்கும். தண்ணீர் தெளிந்து ஆழம் குறையும் மாதங்களில்தான் அந்தப் பாசி வளருமாம்.

அணையைப் பற்றிச் சொல்லவேண்டும். லுவாங் பிரபாங்குக்குக் கீழே 1,285 மெகாவாட் சயாபுரி அணை 2019 முதல் மின்சாரம் தருகிறது. ஊருக்கு மேலே, பாக் ஊவுக்குச் சற்று முன்னால் 1,460 மெகாவாட்டுக்கு இன்னொன்று எழுகிறது. வரும் வழியில் அந்தக் கான்கிரீட்டைப் பார்த்தோம், படகில் பேச்சு நின்றுவிட்டது. ஊ ஆற்றில் மட்டும் ஏழு அணைகள். ஏழை நாட்டுக்கு மின்சாரம் விற்ற பணம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு தேங்கிக் குளமானால், அந்தப் பாட்டியின் படி வெட்டுவதற்கு மணல்மேடு எங்கே இருக்கும்?

சியாங் கோங்கில் ஒரு ஆசிரியர் இருக்கிறார், நிவாத் ரோய்கேவ். ஊரார் அவரை ‘க்ரூ தீ’ என்கிறார்கள். க்ரூ என்பது நம் குருதான். 500 டன் சரக்குக் கப்பல் போவதற்காகத் தாய்லாந்து–லாவோஸ் எல்லையில் 97 கிலோமீட்டருக்கு ஆற்றுப் பாறைகளை வெடி வைத்துத் தகர்க்கத் திட்டம் போட்டார்கள். பாறை போனால் சுழல் போகும், மடு போகும், மீன் முட்டையிடும் இடமும் போகும். 2005-இல் 293 கிலோ எடையுள்ள மீன் பிடிபட்டது அந்தச் சியாங் கோங் பக்கத்தில்தான். க்ரூ தீ ஊர் ஊராகப் பேசினார், மீனவர்களையே ஆய்வாளர்களாக்கி மீனையும் பாறையையும் கணக்கெடுக்க வைத்தார். 2020 பிப்ரவரியில் தாய்லாந்து அமைச்சரவை திட்டத்தைக் கைவிட்டது. 2022-இல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்காக உழைப்பவர்களுக்குத் தரும் கோல்ட்மேன் விருது கிடைத்தது. தலைமையாசிரியர் ஐயா, ஒரு வாத்தியார் செய்த வேலை இது!

மீனைப் பற்றி இன்னும் நிறைய வைத்திருக்கிறேன். நேரம் ஆகிவிட்டதாகத் தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார், அதை இன்னொரு கூட்டத்தில் சொல்கிறேன். கீழைப் படித்துறையைச் சொல்லாமல் மட்டும் இறங்கமாட்டேன்.

பதினெட்டுப் படி இருந்த துறை அது. ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி விட எங்கள் அம்மா என்னைக் கைப்பிடித்து இறக்கிய இடம். இன்று எண்ணினால் ஏழு படிதான் தெரிகிறது. மீதி கட்டட இடிபாட்டுக்கும் பாலித்தீன் பைக்கும் அடியில் கிடக்கிறது. சுற்றி முள் வளர்ந்துவிட்டது. பிள்ளைகள் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். ‘ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்’ என்றால், இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை நம் ஊரில் ஆறு இல்லை. நகர்மன்றத் தலைவர் அம்மா, மனுவை மூன்று முறை கொடுத்துவிட்டோம். இடிபாட்டை ஏற்றிப்போக ஒரு டிராக்டர் கொடுத்தால் போதும். தோண்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அம்மா தலையசைக்கிறார்கள், அவையோர் கைதட்டுங்கள்!

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படித்துறைப் பிள்ளையார் கோயில் முன்னால் கூடுகிறோம். மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச் சட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். காலைப் பலகாரம் அரிசி ஆலை அண்ணன் பொறுப்பு. எட்டாவது படியிலிருந்து தொடங்குகிறோம். நன்றி, வணக்கம்.