சத்து மாத்திரையும் மருந்துதான்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மருந்தாளுநர். சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: "இப்போது வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" 45, 50 வயதுக்காரர்கள் பலர் "ஒன்றும் இல்லைங்க" என்பார்கள். "சத்து மாத்திரை ஏதாவது?" என்று கேட்டால், "அது நாலஞ்சு இருக்கு. அதெல்லாம் மருந்தா என்ன?" என்று பதில் வரும்.

அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். சத்து மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சிலருக்கு அது கட்டாயம் வேண்டும். சாப்பிடாமல் விட்டால் நரம்பு கெட்டுப்போகும். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை எப்படி எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு வாங்குகிறோமோ, அப்படியே இதையும் வாங்க வேண்டும். "சத்துதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று வாயில் போட்டுக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நடு வயதில் உடம்பின் கணக்கு மாறிவிடுகிறது. சில சத்துகள் முன்பைவிடக் குறைவாகவே போதும். சில சத்துகள் சாப்பாட்டில் இருந்தும் உடம்பில் சேர்வதில்லை. கூடவே சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் என்று தினசரி மாத்திரைகள் வந்து சேர்கிற வயதும் இதுதான்.

முதலில் இரும்புச் சத்தைப் பார்ப்போம். மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. மாதவிடாய் நின்ற பிறகு அது 8 மில்லிகிராமாக இறங்கிவிடுகிறது. ஆணுக்கும் 8தான். ஆனால் முப்பது வயதில் டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையை ஐம்பத்தைந்திலும் விடாமல் சாப்பிடுகிறவர்கள் உண்டு. நம் உடம்புக்கு இரும்பை உள்ளே வாங்கத் தெரியும். மிஞ்சியதை வெளியே தள்ள அதற்குத் தனி வழி கிடையாது. கூடுதல் இரும்பு கல்லீரலிலும் மற்ற உறுப்புகளிலும் போய்த் தங்கும். பிறவியிலேயே இரும்பை அதிகமாக உறிஞ்சும் தன்மை உள்ளவர்களுக்கு இது பெரிய ஆபத்து. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ நடு வயது ஆணுக்கோ ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவு என்று வந்தால், இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதோடு விட்டுவிடக் கூடாது. அந்த இரும்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வயிற்றுப் புண்ணிலிருந்தோ குடலிலிருந்தோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியே சிலருக்கு இந்த ரத்தசோகைதான். மாத்திரை சாப்பிட்டால் களைப்பு போய்விடும், முகத்தில் தெளிவு வந்துவிடும், உள்ளே இருப்பது இன்னும் சில மாதம் யாருக்கும் தெரியாமல் வளரும். அதனால்தான் களைப்பு என்று வந்து இரும்பு மாத்திரை கேட்பவரிடம் நான் முதலில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

வைட்டமின் பி12 விஷயம் இதற்கு நேர் எதிர். நமக்குத் தினமும் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம்தான், கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் இறைச்சி, மீன், முட்டை, பாலில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். வயது ஏற ஏறப் பலருக்கு அந்த அமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்காக ஓமெப்ரசோல் போன்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அமிலத்தை நாமே குறைத்துவைத்திருக்கிறோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்குச் சாப்பாட்டில் வருவதே கொஞ்சம். நெஞ்செரிச்சல் மாத்திரை, மெட்ஃபார்மின், சைவ உணவு, இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாத்திரையில் உள்ள பி12 எதோடும் ஒட்டாமல் தனியாக இருப்பதால், அமிலம் குறைந்தவர்களுக்கும் அது சேரும். சிலருக்கு மட்டும் ஊசி தேவைப்படும்.

பி12 குறைந்தால் ஆரம்பத்தில் கால் மரத்துப்போகும், உள்ளங்கால் எரியும். சர்க்கரை நோயாளி என்றால் "சர்க்கரையால்தான்" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் என்கிற இன்னொரு பி வைட்டமினை மட்டும் அதிகமாகச் சாப்பிட்டால் பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகிவிடும். நரம்புச் சேதம் மட்டும் தொடரும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம்.

மரத்துப்போகிறது என்றதும் கடையில் "நரம்புச் சத்து" மாத்திரை கேட்டு வாங்குவது வழக்கம். அவற்றில் பி12 உடன் பி6 வைட்டமினும் இருக்கும். நடு வயதில் பி6 தினமும் 2 மில்லிகிராமுக்கும் குறைவாகவே தேவை. ஆனால் ஒரே மாத்திரையில் 50, 100 மில்லிகிராம் வைத்து விற்கிறார்கள். பி6 அளவுக்கு மீறிப் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். எப்படி என்றால், கை கால் மரத்துப்போகும்! மரத்துப்போவது நிற்கவில்லையே என்று அந்த மனிதர் இன்னொரு மாத்திரை சேர்த்துக்கொள்வார். தினசரி உச்ச அளவு 100 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 12 மில்லிகிராம் போதும் என்று இறக்கிவிட்டது. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று கேட்டால், குறைந்த அளவிலும் சிலருக்குப் பாதிப்பு வருவதால் ஐரோப்பாவில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

சரி, இப்போது கால்சியம் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 1250 என்று இருக்கும். அது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம். ஆக 500 மில்லிகிராம். பின்பக்கம் பொடி எழுத்தில், "ஒரு வேளை அளவு: 2 மாத்திரை" என்றும் இருக்கலாம். அப்படியானால் அட்டவணையில் போட்டிருப்பதெல்லாம் இரண்டு மாத்திரைக்கான கணக்கு. ஒன்று சாப்பிட்டால் பாதிதான் கிடைக்கும். அதே அட்டவணையில் வைட்டமின் டி, மெக்னீசியம், துத்தநாகம் என்று இன்னும் நாலைந்து பெயர் இருக்கும். எலும்பு மாத்திரை, மல்டிவைட்டமின் மாத்திரை, தனி வைட்டமின் டி என மூன்று டப்பா வைத்திருப்பவர், மூன்றிலும் உள்ள வைட்டமின் டி-யைக் கூட்டிப் பார்த்தால் திடுக்கிடுவார். வைட்டமின் டி-யைச் சில டப்பாவில் மைக்ரோகிராமிலும் சில டப்பாவில் ஐ.யு. (சர்வதேச அலகு) கணக்கிலும் போடுவார்கள், 1 மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு.

கால்சியத்தை ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. குடல் அவ்வளவு வாங்காது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், அதற்கு அமிலம் தேவை. சிட்ரேட் வகையை எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். சாப்பாட்டிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு கோப்பை பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அமெரிக்கப் பரிந்துரை சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்தே 1200. குறைகிற அளவை மட்டும் மாத்திரையில் ஈடுகட்டினால் போதும். மாத்திரைக் கால்சியம் கூடினால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

அப்புறம், நேரம். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, அரை மணி கழித்துக் காலை உணவோடு கால்சியமும் இரும்பும் சாப்பிடுகிறவர்களுக்கு, "டோஸ் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு இறங்கவே இல்லை" என்று புலம்பல். கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இடையில் 4 மணி நேரமாவது வேண்டும். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும் இதே கதிதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் கே உள்ள எதையும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

முடிக்காகச் சாப்பிடுகிற பயோட்டின் வேறு மாதிரி வம்பு செய்யும். தினமும் 30 மைக்ரோகிராம் போதும் என்கிற சத்தை 5,000, 10,000 மைக்ரோகிராம் மாத்திரையாக விற்கிறார்கள். உடம்புக்கு அது பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கு அதிகமாகச் சுரப்பது போல முடிவு வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையில் அளவு குறைவாகக் காட்டி, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்ப வைத்துவிடலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது, இப்படி ஒரு மரணம் பதிவானதையும் குறிப்பிட்டது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகுமுன் டாக்டரிடமும் பரிசோதனைக் கூடத்திலும் முடி மாத்திரையைப் பற்றியும் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

"கூடுதலாகச் சாப்பிட்டால் நோய் வராமல் தடுக்குமே?" என்று கேட்பீர்கள். இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் சத்து), அந்தப் புற்றுநோயை 18 சதவீதம் கூட்டியது. அமெரிக்காவில் இதே போல நடந்த இன்னொரு ஆய்வை, கெடுதல் தெரிந்ததும் 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். தினமும் 400 ஐ.யு. வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் தெரிந்தது. பழத்திலும் காயிலும் இருக்கும்போது நல்லபிள்ளையாக இருந்த சத்துகள்தான் இவை. அதனால் புகைபிடிக்கிறவர்கள், முன்பு பிடித்தவர்கள், கண்ணுக்கென்று விற்கும் மாத்திரையில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வைட்டமின் டி-யைப் பற்றியும் 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு மேல் ஆய்வு நடந்தது. தினமும் 2,000 ஐ.யு. சாப்பிட்டதால் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-இல் வெளிவந்தது. இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி குறைபாடே இல்லை. குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து; போதுமான அளவு இருப்பவருக்கு அது செலவு. ஒரே எச்சரிக்கை: வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கிற அதிக அளவு வைட்டமின் டி-யைத் தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிற தவறு அடிக்கடி நடக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சீட்டில் வாரக் கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூலிகை மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. மஞ்சள் சாரம், பச்சைத் தேயிலைச் சாரம், அஸ்வகந்தா ஆகியவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் சாப்பிடும் காலத்தில் சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும் அட்டையையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரைச் சொன்னால் போதாது; பின்பக்கத்தை அவர்கள் படிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் காட்டி, எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். இரும்பு மாத்திரைக்குச் சில மாதம் என்று பதில் வரும். பி12 சேராமல் இருப்பதற்கான காரணம் மாறாது என்றால் ஆயுள் முழுக்க என்று வரலாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜின்கோ என்கிற மூலிகை மாத்திரை போன்றவற்றை மயக்க மருந்து டாக்டரிடம் அன்று காலையில் சொல்லிப் பயனில்லை. நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.