நாலு பக்கம் போதாது, குறுக்கையும் அளங்கள்

வணக்கம் நேயர்களே. கோணல் மனைக்குப் பரப்பு பார்க்கும்போது பலரும் போடுகிற கணக்கு இது: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வருகிற இரண்டையும் பெருக்குவது. எகிப்தின் எட்ஃபு கோயில் கல்வெட்டிலும் நிலங்களை இப்படித்தான் அளந்திருக்கிறார்கள். பழைய கணக்குதான், ஆனால் பிழையான கணக்கு. மூலைகள் நான்கும் செங்கோணமாக இருந்தால் சரியாக வரும். இல்லையென்றால் எப்போதும் கூடுதலாகவே காட்டும். விற்பவருக்கு வசதி!

ஒரு மனை. தெருப்பக்கம் 52 அடி, அங்கிருந்து சுற்றி வந்தால் 56, 39, 63. பழைய கணக்கில் 45.5 பெருக்கல் 59.5, அதாவது 2,707 சதுர அடி. ஆனால் இந்த நாலு பக்கங்களை எப்படி வளைத்தாலும் 2,683-க்கு மேல் போகவே போகாது.

வளைத்தாலும் என்றேனே, அதுதான் விஷயம். நாலு குச்சிகளை முனைகளில் ஒவ்வோர் ஆணியால் இணைத்து ஆட்டிப் பாருங்கள், சட்டம் சாயும். பக்கம் மாறாது, பரப்பு மாறும். மூன்று குச்சி என்றால் அசையாது. ஆகவே மனையைக் குறுக்கே அளந்து இரண்டு முக்கோணமாக்க வேண்டும்.

நம் மனையில் 52-ம் 56-ம் சேரும் மூலையை விட்டு, அதற்கு இருபுறமும் உள்ள மூலைகளுக்கு நடுவே டேப் பிடித்தால் 60 அடி. முதல் முக்கோணம் 52, 56, 60. கூட்டினால் 168, பாதி 84. அதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழித்தால் 32, 28, 24. இந்த மூன்றையும் 84-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1,344. அலெக்சாந்திரியா ஹீரோனின் சூத்திரம் இது. போனில் உள்ள கால்குலேட்டரே போதும். அடுத்தது 39, 63, 60; அது 1,134. ஆக மொத்தம் 2,478. பழைய கணக்கு 229 சதுர அடி கூட்டிவிட்டது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், அரை சென்டுக்கும் மேலே!

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. 52 அடி 6 அங்குலம் என்பது 52.6 அல்ல, 52.5. மேடு பள்ளத்தில் டேப்பைத் தரையோடு படுக்க விடாமல் மட்டமாக இழுத்துப் பிடியுங்கள். முக்கோணம் ஒல்லியாக அமைந்தால் ஆபத்து: 30, 31, 60 என்றால் பரப்பு 165, அந்த 60-ஐ 60.5 என்று அளந்துவிட்டால் 118. அதனால் இரண்டு குறுக்கில் குட்டையானதை எடுங்கள். மனை உள்வாங்கியிருந்தால், உள்வாங்கிய மூலையிலிருந்தே குறுக்கு போகட்டும்.

மற்ற மனைகளில் இன்னொரு குறுக்கையும் அளந்து கணக்கைத் திரும்பப் போடுங்கள். இரண்டு விடையும் நாலைந்து சதுர அடிக்கு மேல் விலகினால், டேப்பை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.