95 ஷாட்டில் 4 நல்ல ஷாட்: கோல்ஃபை ஏன் விட முடிவதில்லை?

[திரை: பனி ஈரம் காயாத புல். டீ எனும் சிறு முளையின் மேல் ஒரு பந்து. இசை இல்லை.]

ஒருவர் 18 குழிகளையும் ஆடி முடிக்கிறார். ஸ்கோர் கார்டில் 95, அதாவது மொத்தம் 95 அடி. எண் குறையக் குறைய நல்லது. அமெச்சூர் ஆட்டக்காரருக்கு இது வெட்கப்பட வேண்டிய எண் இல்லை. ஆனால் அந்த 95-இல் "நினைச்ச மாதிரியே போச்சு" என்று அவரே ஒப்புக்கொள்ளும் ஷாட்டுகளை எண்ணச் சொன்னால் ஒரு கை விரல்கள் போதும். மீதியில் பாதி பரவாயில்லை ரகம். மறுபாதியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் இவ்வளவு தடவை சொதப்பினால் ஆள் மூட்டை கட்டியிருப்பார். இவரோ பையைக் காரில் ஏற்றும்போதே அடுத்த வாரத்துக்கு டீ டைம் (ஆடத் தொடங்க ஒதுக்கும் நேரம்) கிடைக்குமா என்று பார்க்கிறார்.

[திரை: கடிகாரம். நான்கு மணி நேரம் வேகமாக ஓடுகிறது.]

முதலில் நேரக் கணக்கு. ஒரு ரவுண்டுக்குச் சுமார் நான்கு மணி நேரம். ஒரு ஸ்விங் தொடங்கி முடிய இரண்டு வினாடிகூட ஆகாது. 95 ஷாட்டுக்குக் கூட்டினாலும் மூன்று நிமிடம் சொச்சத்தைத் தாண்டாது. அதிலும் தூர அடிக்கான டிரைவர் மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லிவினாடி. மொத்த ரவுண்டிலும் மட்டை பந்தைத் தொட்டிருந்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு தேறாது. மிச்ச நேரமெல்லாம் நடப்பது, காத்திருப்பது, போன ஷாட்டை நினைத்துப் புழுங்குவது, அடுத்த ஷாட்டைக் கற்பனை செய்வது. கோல்ஃபின் பிடி இருப்பது இந்த மிச்ச நேரத்தில்தான்.

[திரை: மட்டை முகத்தின் நடுவில் பந்து படும் மெதுவான காட்சி.]

பந்து மட்டை முகத்தின் சரியான மையத்தில் பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது. வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் இருக்கும். காரணம் எளிது. மையத்தை விட்டு விலகிப் பட்டால் மட்டையின் தலை தன் எடை மையத்தைச் சுற்றித் திருகிக்கொள்ளும். பந்துக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி அதில் வீணாகும், அதிர்வு தண்டு வழியாக விரலுக்கு ஏறும். மையத்தில் பட்டால் திருகல் இல்லை, அதிர்வும் மிகக் குறைவு. அந்த வெறுமைக்காகத்தான் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள்.

அது எப்போது வரும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட ஆய்வுகளில் விலங்குகளுக்குப் பலவித முறைகளில் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். எத்தனை முயற்சிக்கு ஒரு தடவை பரிசு வரும் என்பது மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் லேசில் விட்டுப்போகாது. பரிசை நிறுத்திய பிறகும் வெகுநேரம் தொடரும். சூதாட்ட இயந்திரம் ஓடுவது இந்தத் தத்துவத்தில். கோல்ஃபும் அதே ஊசியைத்தான் போடுகிறது, ஒரு வித்தியாசத்தோடு. இங்கே பரிசு உங்கள் கையிலிருந்து வருகிறது. அதனால் ஒவ்வொரு நல்ல ஷாட்டுக்குப் பிறகும் மனசு ஒரு காரணம் கண்டுபிடிக்கும். "இடது மணிக்கட்டு! அதுதான் விஷயம்!" அடுத்த இரண்டு குழிகளில் அந்தக் காரணம் பொய்த்துப்போகும். பதினான்காவது குழியில் புதுக் காரணம் பிறக்கும்.

[திரை: மேலிருந்து பார்க்கும் படம். 30 யார்டு அகல ஃபேர்வே (சீராக வெட்டிய புல்பாதை), அதன் மேல் கோணக் கோடுகள்.]

நல்ல ஷாட் ஏன் திரும்ப வரமாட்டேன் என்கிறது? பந்து கிளம்பும் திசை 1 டிகிரி பிசகினால் 200 யார்டு தாண்டி 3.5 யார்டு விலகும். 5 டிகிரி பிசகினால் 17.5 யார்டு. 30 யார்டு அகல ஃபேர்வேயின் நடுவிலிருந்து ஓரம் 15 யார்டு, ஆகவே பந்து ரஃபில், அதாவது ஓரத்து உயர்ந்த புல்லில். இது நேராகப் பறக்கும் பந்துக்கான கணக்கு. மட்டை வரும் பாதைக்கும் மட்டை முகம் பார்க்கும் திசைக்கும் இடைவெளி இருந்தால் பந்து பக்கவாட்டில் வளையும். வலக்கை ஆட்டக்காரரின் மட்டை முகம் பாதையை ஒப்பிடும்போது வலப்பக்கம் திறந்திருந்தால் வருவது வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ். தொடக்கநிலையில் பெரும்பாலோருக்கு இருக்கும் நோய் இதுதான். ஆக, ஃபேர்வேயின் நடுவுக்கும் மரத்தடிக்கும் நடுவே நிற்பது நான்கைந்து டிகிரி. "கிட்டத்தட்ட வந்துடுச்சு" என்ற உணர்வு ஆட்டக்காரரை விட்டு விலகாததற்கு இந்தச் சிறிய கோணம் ஒரு முக்கியக் காரணம். அவர் சொல்வது பொய்யும் இல்லை. நிஜமாகவே கிட்டத்தட்டத்தான்.

[திரை: ஸ்கோர் கார்டு, பென்சில்.]

ஒரு நல்ல ஷாட்டின் போதை சில வாரங்களுக்குத் தாங்கும். பத்து, இருபது வருடம் ஆடுபவரைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று: ஹேண்டிகேப், அதாவது ஆட்டத்திறனைச் சொல்லும் எண். இதுவும் குறைந்தால் நல்லது. 2020 முதல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஆடிய ஸ்கோரிலிருந்து மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங்கை, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே அடிக்கக்கூடிய ஸ்கோரை, கழிக்க வேண்டும். வருவதை 113-ஆல் பெருக்கி, சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்று சொல்லும் ஸ்லோப் ரேட்டிங்கால் வகுக்க வேண்டும். ஸ்லோப் 55 முதல் 155 வரை போகும், 113 என்பது நடுத்தர மைதானம். உதாரணமாக ஸ்கோர் 93, கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 125. 93-இல் 71.2 போனால் 21.8. அதை 113-ஆல் பெருக்கி 125-ஆல் வகுத்தால் 19.7. வானிலையால் அன்று எல்லோருடைய ஸ்கோரும் கெட்டிருந்தால் அதற்கும் ஒரு சிறு திருத்தம் உண்டு. இப்படிக் கடைசி 20 ரவுண்டுகளில் சிறந்த 8-இன் சராசரிதான் உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். உச்சவரம்பு 54.0.

இதில் மூன்று நுணுக்கங்கள் ஆட்டக்காரரைக் காப்பாற்றுகின்றன. ஹேண்டிகேப் கணக்குக்கு ஒரு குழியில் எழுத வேண்டிய அதிகபட்சம், பார் எண்ணோடு (அந்தக் குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கை) 2, அதோடு அந்தக் குழியில் ஹேண்டிகேப்பால் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஷாட். பார் 4 குழியில் ஒரு ஷாட் சலுகை இருந்தால் 7. பங்கர் எனும் மணல் பள்ளத்துக்குள் மாட்டி 11 அடித்தாலும் 7-தான். ஒரு குழியில் நடந்த விபத்து மாதக்கணக்கில் துரத்தாது. இரண்டாவது, மோசமாக ஆடிய 12 ரவுண்டுகள் சராசரிக்குள் வருவதே இல்லை. மூன்றாவது, கடந்த 365 நாட்களில் எட்டிய குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3.0-க்கு மேல் ஏறினால் அந்த 3.0-ஐத் தாண்டிய ஏற்றம் மட்டும் பாதியாக்கப்படும், 5.0-க்கு மேல் ஏறவே விடமாட்டார்கள்.

பலர் தடுக்கி விழும் இடமும் இங்கேதான் இருக்கிறது. ஹேண்டிகேப் என்பது உங்கள் சராசரி ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உங்கள் நல்ல நாட்களின் சராசரி. 8 நல்ல ரவுண்டுகளின் சராசரியைத் தொடுவதோ தாண்டுவதோ அவற்றில் ஏறக்குறைய பாதி, அதாவது 20-இல் நாலு. ஐந்து ரவுண்டில் நாலு தடவை "இன்னிக்கும் ஹேண்டிகேப்புக்கு ஆடல" என்று முகம் தொங்கினால் தவறு ஸ்விங்கில் இல்லை, எண்ணைப் படித்த விதத்தில்.

6-க்கு ஆடுபவரும் 24-க்கு ஆடுபவரும் ஒரே ஆட்டத்தில் நிஜமாகவே மோதலாம் என்பதும் இந்த எண்ணின் கொடை. வித்தியாசம் 18, குழிக்கு ஒரு ஷாட் சலுகை. டென்னிஸில் இத்தனை தர வித்தியாசம் உள்ள இருவர் ஆடினால் பத்து நிமிடத்தில் இருவருக்கும் அலுத்துவிடும். ஆனால் எண் உண்மையாக இருந்தால்தான் இது நடக்கும். சாதாரண ரவுண்டில் கூடவே வரும் நடுவர் கிடையாது, ஆட்டக்காரரே தன்னைக் கண்காணிக்க வேண்டும். 1925-ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பனில் அமெச்சூரான பாபி ஜோன்ஸ், தன் பந்து லேசாக அசைந்ததாகத் தானே சொல்லி ஒரு ஷாட் அபராதம் ஏற்றுக்கொண்டார். முடிவில் சமநிலை, பிளே-ஆஃபில் தோல்வி. அந்த ஒரு ஷாட்தான் பட்டத்தைத் தின்றது.

ஸ்ட்ரோக் எண்ணிக்கை மனசை நோகடித்தால் இன்னொரு வழி உண்டு. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் உருவாக்கிய புள்ளி முறை 1932-இல் வாலசி கிளப்பில் போட்டியாக நடந்தது. சலுகை போக பார் அடித்தால் 2 புள்ளி, போகிக்கு (பாரைவிட ஒன்று கூடுதல்) 1, பேர்டிக்கு (பாரைவிட ஒன்று குறைவு) 3. போகியைவிட மோசமென்றால் பூஜ்யம், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடையைக் கட்டலாம். 36 புள்ளி வந்தால் ஹேண்டிகேப்புக்கு ஆடியதாக அர்த்தம். மூன்றாவது குழியில் 9 அடித்துவிட்டு மிச்சப் பதினைந்தையும் வெறுப்போடு ஆடுபவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

[திரை: 8 அடி தூரத்தில் பந்து, அப்பால் 108 மில்லிமீட்டர் அகலக் குழி.]

சரி, விடுபவர்கள் ஏன் விடுகிறார்கள்? பணம், நேரம், முதுகுவலி எல்லாம் உண்டு. ஆனால் மெல்லக் கொல்லும் விஷம், தப்பான அளவுகோல். பிஜிஏ டூர் எனும் தொழில்முறைச் சுற்றில் ஆடுபவர்கள் 8 அடி தூரத்திலிருந்து உருட்டும் அடியை, அதாவது பட்டை, குழியில் போடுவது சுமாராகப் பாதி தடவைதான். பார் போடத் தோதாகக் கிரீனை, அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையை, எட்டுவது 18-இல் சுமார் 12 குழிகளில். தொலைக்காட்சியில் அப்படித் தெரியாது, ஏனென்றால் கேமரா அன்றைக்கு நன்றாக ஆடுபவர் பின்னால்தான் ஓடும். 8 அடிப் பட்டைத் தவறவிட்டு மட்டையைத் தரையில் குத்துபவர், பூமியின் சிறந்த ஆட்டக்காரர்களும் பாதி தடவை தவறவிடுவதற்காகக் கோபப்படுகிறார்.

அடுத்த தவறு, டீயை, அதாவது குழிகளைத் தொடங்கும் இடத்தை, தேர்ந்தெடுப்பதில். 5-அயர்ன் மட்டையில் நீங்கள் அடிக்கும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 150 யார்டு என்றால் 5,400 யார்டு. 18 குழிகளின் மொத்த நீளம் எந்த டீயிலிருந்து அதற்குப் பக்கத்தில் வருகிறதோ அதுதான் உங்கள் டீ. கௌரவத்துக்காக 6,500 யார்டில் ஆடினால் என்ன ஆகும்? 400 யார்டு பார் 4 குழியில் டிரைவர் 200 போனால் இன்னும் 200 பாக்கி. கிரீன் எட்டாது. குழிக்குக் குழி இதே கதை. முன் டீயிலிருந்து அதே குழி 340 என்றால் மிச்சம் 140, கையில் 6-அயர்ன், கிரீன் கண்ணுக்கு எதிரே. ஆட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. பின் டீ கௌரவம் என்பது பிடிவாதம்தான், வேறொன்றுமில்லை.

[திரை: பயிற்சித் திடல். வரிசையாகப் பந்துகள்.]

மூன்றாவது, "ரேஞ்சில் பிரமாதம், மைதானத்தில் பூஜ்யம்" என்ற புலம்பல். ரேஞ்ச் எனும் பயிற்சித் திடலில் ஒரே மட்டை, ஒரே இலக்கு, சமதளப் பாய். பந்துக்கு முன்னாலேயே தரையில் அடித்தாலும் மட்டை பாயில் வழுக்கி வந்து பந்தைத் தள்ளிவிடும். புல்லில் அதே அடி மண்ணைப் பெயர்த்து பந்தைப் பாதி தூரத்தில் நிறுத்தும். மைதானத்தில் ஒரே ஷாட்டை இரண்டு முறை அடிக்கவும் முடியாது. ஷியா, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979-இல் செய்த சோதனையில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். மாற்றி மாற்றிப் பழகியவர்கள் பயிற்சியில் தடுமாறினாலும் பின்னால் நினைவில் வைத்திருந்தார்கள்.

60 பந்து வாங்கினால் இப்படிப் பிரிக்கலாம். முதல் 20, ஒரே மட்டையில், திருத்த நினைக்கும் ஒரே ஒரு விஷயத்துக்காக. அடுத்த 25-இல் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று திசை பார்த்துவிட்டு வாருங்கள். கடைசி 15, கிட்டத்து அடிக்கான வெட்ஜ் மட்டையில் 30, 50, 70 யார்டு, வரிசையில்லாமல். மோசமாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். பிறகு பட்டிங் கிரீனில் பத்து நிமிடம் 30 அடியிலிருந்து, குழியைச் சுற்றி 3 அடி வட்டத்துக்குள் பந்தை நிறுத்தப் பழகுங்கள். மூன்று பட் ஆவது பெரும்பாலும் திசையால் அல்ல, முதல் பட்டின் தூரம் பிசகுவதால்.

ஸ்கோரோடு இன்னும் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: அபராத ஷாட்டுகள், மூன்று பட் ஆன குழிகள், 50 யார்டுக்குள்ளிருந்து கிரீனில் ஏற இரண்டு ஷாட்டுக்கு மேல் ஆன தடவைகள். ஸ்விங் மாற மாதங்கள் பிடிக்கும், இந்த மூன்றும் வாரங்களிலேயே இறங்கும். ஸ்கோர் அசையாத மாதத்திலும் ஏதோ ஒன்று அசைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு விட்டுப்போகாது.

[திரை: பையைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நால்வர்.]

கூட வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு பேர், நான்கு மணி நேரம், நடந்தால் 8 முதல் 10 கிலோமீட்டர். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்தபடியே பேசுவதால் வேறெங்கும் வராத பேச்சு இங்கே வரும். மழையிலும் ஒருவர் எழுந்து வருவது பாதி நேரம் ஆட்டத்துக்காக அல்ல, மூன்று பேர் காத்திருப்பார்கள் என்பதற்காக. இதைக் கெடுப்பது மந்தமான ஆட்டம். விதி பரிந்துரைக்கும் நேரம் ஷாட்டுக்கு 40 வினாடி. காணாமல்போன பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடம்தான், முன்பு 5. யார் தயாரோ அவர் அடிக்கட்டும்.

[திரை: 18-ஆவது கிரீன். மாலை வெயில்.]

கடைசியாக, 18-ஆவது குழி. அனுபவங்களை நினைவுகூரும்போது அவற்றின் உச்சத்துக்கும் முடிவுக்கும் மனசு அதிக எடை கொடுக்கிறது, மொத்த நேரத்துக்கு அவ்வளவாகக் கொடுப்பதில்லை. உளவியலாளர் கானெமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொல்லிக் காட்டிய விஷயம் இது. 17 குழிகள் சொதப்பியவர் கடைசிக் குழியில் 20 அடிப் பட்டைப் போட்டால் வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தப் பட்டைத்தான். அதனால் 17 குழிகளின் கூட்டலை 18-ஆவது டீயில் நின்று போடாதீர்கள். அதுவரை அடித்ததில் சிறந்த ஷாட் எது, எந்த மட்டை, எத்தனை யார்டு என்பதைக் கார்டின் ஓரத்தில் எழுதிவிட்டு டீயைத் தரையில் குத்துங்கள்.

[திரை: பென்சில் எழுதுகிறது: "7-அயர்ன், 135, பதினோராவது குழி." காட்சி மறைகிறது.]